செம்மல் உப்புமா

எங்கள் ஊரில் பிரெட் என்றால் காய்ச்சல். பாலில் தொட்டுச் சாப்பிட ஒரு பாக்கெட் வாங்குவார்கள். காய்ச்சல் விட்டதும் மீதியை யாரும் சீண்டமாட்டார்கள். மியூனிக் வந்த புதிதில் வீடியோ காலில் என் தட்டைப் பார்த்த அம்மா கேட்டதே, "உடம்புக்கு என்னடி?" என்றுதான்.

இங்கே அதுதான் சாப்பாடு. ஜெர்மனியில் 3000 வகைக்கும் மேல் ரொட்டி உண்டு என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் வாங்கியது இரண்டே வகை: ரை என்ற தானியத்தில் செய்த கனமான ரொட்டி, அப்புறம் கைக்குள் அடங்கும் செம்மல் என்ற வெள்ளை பன். (பொன்மனச் செம்மல் ஞாபகம் வராமல் அந்தப் பெயரை இன்னும் என்னால் சொல்ல முடிவதில்லை.) மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு, சாயங்காலத்துக்குள் இரண்டுமே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் எல்லாம் பூட்டு. அந்தப் பயத்தில் சனிக்கிழமையே பத்து செம்மல் வாங்கி, கெடாமல் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைப்பேன். திங்களன்று பார்த்தால் கல். ஃபிரிட்ஜ் குளிரில்தான் மாவுச்சத்து சீக்கிரம் இறுகுமாம். ஒன்று வெளியே வைக்க வேண்டும், இல்லை அன்றே ஃபிரீஸரில் போட வேண்டும்.

குப்பைப் பையோடு மாடிப்படி இறங்கும்போது எதிர்வீட்டுப் பாட்டியிடம் மாட்டிக்கொண்டேன். பையைப் பார்த்தவர் என்னையும் செம்மலையும் சேர்த்து மேலே கூட்டிப் போனார். மெல்லிசாக நறுக்கி, வெதுவெதுப்பான பால் ஊற்றி மூடி வைத்தார். ஊறியதும் வதக்கிய வெங்காயம், பார்ஸ்லி, முட்டை, உப்பு, துளி ஜாதிக்காய். ஈரக் கையால் உருட்டி உப்புத் தண்ணீரில் விட்டார். இந்தச் செம்மல் உருண்டைக்குப் பெயர் செம்மல்க்னோடல். இதற்கென்றே பழைய செம்மலை நறுக்கிக் காயவைத்துக் கடையில் காசுக்கு விற்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது!

அடுத்த வாரம் தனியாகச் செய்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்க, உருண்டை எல்லாம் கரைந்து கஞ்சியாகிவிட்டது. தண்ணீர் லேசாக நடுங்கினால் போதும், இருபது நிமிடம் விடு என்றார் பாட்டி. சரியாக வந்தது.

மிஞ்சிய உருண்டையை இந்த ஊர்க்காரர்கள் மறுநாள் வெட்டி வெண்ணெயில் வறுத்து முட்டை ஊற்றுவார்கள். நான் உதிர்த்து, கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்தேன். அசல் இட்லி உப்புமா! ரை ரொட்டி இதற்கு ஆகாது, அதன் புளிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதை நெய்யில் வறுத்து ரசத்தில் போட்டால் தேவலை. பூசணம் பிடித்தது மட்டும் முழுசாகக் குப்பைக்கு. மேலாகச் சுரண்டிப் பயனில்லை, உள்ளேயும் ஓடியிருக்கும்.

பாட்டிக்கு ஒரு கிண்ணம் உப்புமா கொடுத்தேன். ஒரு துணுக்கு செம்மல் மிச்சமில்லை. கறிவேப்பிலையை மட்டும் ஓரமாக ஒதுக்கியிருந்தார். இங்கே அது விற்கிற விலை தெரிந்தால் ஒதுக்கியிருக்க மாட்டார்.