அவர்கள் சொன்னதே பாடம்

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு மாலையில் எழுத்தறிவு வகுப்பு எடுக்கிறேன். 15 வயது நிறைந்தவர்களுக்கென 2022-இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வந்தது. ஆனால் அரிச்சுவடி முடிந்தபின் வாசிக்க என்ன தருவது என்பதே என் கவலை. சிறுவர் கதைகளை அறுபது வயது அக்காவிடம் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அவர்கள் சொல்வதையே, பேச்சு மாறாமல், பெரிய எழுத்தில், வரிக்கு நான்கு சொற்களாக எழுதி, மறுநாள் அவர்களிடமே வாசிக்கக் கொடுக்கிறேன்.

"பழம் செவந்தாத்தான் பறிக்கணும், காயைத் தொடாதீங்க" என்பது நேற்றைய பாடம். அதைச் சொன்ன அக்கா, 'செவந்தாத்தான்' என்ற சொல்லில் காப்பிக்கறை படிந்த விரலை நிறுத்தி, இரண்டு 'தா'வையும் தாமே கண்டுபிடித்து, "இது நான் சொன்னதாச்சே!" என்றார். அடுத்த வாரம் மிளகு பறிப்பைப் பற்றி எல்லோரும் சேர்ந்து சொல்லவிருக்கிறார்கள்.