ஏழாம் நம்பர் சைக்கிள்

மலர்க் குழுவினர் போன் செய்து, "பள்ளி நினைவு ஏதாவது எழுதிக் கொடுங்கள், இரண்டு பக்கம் போதும்" என்றார்கள். எல்லாரையும் போல எனக்கும் முதலில் ஞாபகம் வந்தது பள்ளி வாசலில் மிளகாய்த்தூள் தடவி விற்ற மாங்காய்க் கீற்றுதான். அதை ஏற்கெனவே மூன்று பேர் எழுதிவிட்டார்களாம். சரி, யாரும் எழுதியிருக்க முடியாத ஒன்றை எழுதுகிறேன்: இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்கின் பற்றும் வரவும் பொருந்துகிறதா என்று பார்க்கும் பட்டியல்.

நான் பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் படித்தது 1988-89இல். கடலூர் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர். மாவட்டம் பிரிந்தது 1993இல்தான். கணக்குப்பதிவியலுக்கு அப்போது 200 மதிப்பெண். அறிவியல் பிரிவு கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் என்று எங்கள் வகுப்புக்கு ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கே அதில் பெரிய மறுப்பு இல்லை, சார் வந்து சேரும்வரை. அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது, எங்கள் செட்டுக்குச் சொல்லாமலே தெரியும்.

முதல் வாரமே கரும்பலகையில் பெரிதாக ஒரு 'டி' வரைந்து, இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று எழுதினார். உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. பெறுபவர் பற்று, தருபவர் வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் லாபமும் வரவு. திருக்குறள் போல ஒப்பித்தோம். வெனிஸ் நகரில் 1494இல் லூகா பாச்சியோலி என்ற துறவி இந்த முறையை அச்சிட்டு வெளியிட்ட கதையைச் சொல்லிவிட்டு, "அவர் கண்டுபிடிக்கலை. அங்கே வியாபாரிங்க செஞ்சிக்கிட்டிருந்ததை எழுதி வெச்சார், அவ்வளவுதான்" என்பார். அதே மூச்சில் பாண்டிச்சேரிக்குத் தாவுவார். 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப்பிள்ளை அங்கே நாட்குறிப்பு எழுதி வந்தாரே, குறிப்பேடு எழுதுபவனுக்கு அந்தப் பழக்கம் வேண்டும் என்பார். சனிக்கிழமை நடந்ததைத் திங்கட்கிழமை எழுதுபவனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

காலாண்டு விடுமுறைக்கு முந்தைய நாள் அவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். இறுதிக் கணக்குகள் பாடத்தை அப்போது முடித்திருந்தோம். 'பின்வரும் இருப்பாய்விலிருந்து வியாபார, இலாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் தயாரிக்க' என்று வரும் கணக்குகளை இருபத்தைந்து நிமிடத்தில் முடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தோம். சார் புத்தகத்தை மூடினார். "புக்ல இருப்பாய்வை அவனே குடுத்துடுறான். கடையில யார்றா குடுப்பான்?"

ஆளுக்கு ஒரு கடையைப் பிடித்து அதன் போன வருடக் கணக்கை நாங்களே எழுப்ப வேண்டும் என்பது வேலை. வீட்டில் கடை இல்லாதவன் தெருவில் தேட வேண்டும். லாரன்ஸ் ரோட்டில் மளிகை வைத்திருந்தவர் மகன் ஒருவன், பண்ருட்டிப் பக்கம் முந்திரி வாங்கி விற்றவர் மகன் ஒருவன். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்தவனின் அப்பாவுக்கு ஒரு படகில் பங்கு. அந்தக் கணக்கு கரையிலேயே பேசி முடிவது. டீசல் செலவைக் கழித்துவிட்டுப் படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பிரித்துவிடுவார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு இடமே இல்லை. சார் ஒரு மாலை முழுக்க அவனிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய்த்தது அப்பாவின் வாடகை சைக்கிள் கடை. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. மஞ்சக்குப்பத்தில் கோர்ட் வேலையாக வந்தவர்கள், கடற்கரைக்குப் போகும் பையன்கள், ஓட்டப் பழகுகிற சின்னப் பிள்ளைகள் என்று ஆட்கள் வருவார்கள். மாசி மகத்தன்று ஒரு சைக்கிள்கூடக் கடையில் நிற்காது. மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். முகம் தெரியாதவருக்கு வண்டி கிடையாது. நோட்டில் பெயர், நம்பர், எடுத்த நேரம், விட்ட நேரம். அப்பாவிடம் இருந்த 'கணக்கு' அந்த வாடகை நோட்டும், உதிரி பாகம் வாங்கிய சிட்டைகளைக் குத்தி வைத்திருந்த கம்பியும்தான். சித்திரை முதல் நாள் மட்டும் மூலைகளில் மஞ்சள் தடவிய புதுக்கணக்கு நோட்டு ஒன்று பூஜையில் இருக்கும். பிள்ளையார் சுழியும் 'லாபம்' என்ற சொல்லும் எழுதியிருக்கும். அதற்குப் பிறகு அதில் ஒன்றும் ஏறாது.

ஒன்பது நாள் உட்கார்ந்தேன். வாடகை 14,600, பஞ்சர் ஒட்டிய வரும்படி 2,190, ஆக 16,790 ரூபாய். செலவில் கடை வாடகை 1,800, உதவிக்கு இருந்த அண்ணனின் சம்பளம் 2,400, டயர், டியூப், ஸ்போக்ஸ், சொல்யூஷன் வகையில் 2,850, கரண்ட் 360. எண்கள் இன்னும் மறக்கவில்லை என்றால் நம்புங்கள், அந்த நோட்டு இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.

இருப்பாய்வு போட்டேன். 63 ரூபாய் இடித்தது. இரண்டு முறை கூட்டினேன், அதே 63. பொருந்தாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்க அனாமத்துக் கணக்கு என்று ஒன்று புத்தகத்தில் இருக்கிறதே, அதில் தள்ளிவிட்டு நிம்மதியாக சாரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்த உடனே, "ஒன்பதால வகுத்துப் பாரு" என்றார். ஏழு. மீதியில்லை. "அப்ப எங்கேயோ ரெண்டு இலக்கத்தை மாத்திப் போட்டிருக்க. ரெண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் ஏழு. போய்த் தேடு." தேடினேன். டியூப் வாங்கிய ஒரு சிட்டை, ரொக்க ஏட்டில் 81 என்று சரியாக ஏறியிருந்தது, கணக்குவாரியாகப் பிரித்து எழுதும் பேரேட்டில் 18 ஆகியிருந்தது. பதினாறு வயதில் மந்திரவாதம் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. இன்றைய பிள்ளைகள் கணினியில் பதிகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் தவறாகப் போட்டால் அது ஏற்றுக்கொள்ளாது. வசதிதான். ஆனால் பொருந்தாத இருப்பாய்வோடு ஒரு இரவைக் கழித்த அனுபவம் அவர்களுக்கு இல்லை, பாவம்.

அப்புறம் தேய்மானம். ஒரு சைக்கிள் 600 ரூபாய், ஐந்து வருடம் ஓடும், கடைசியில் பழைய இரும்புக் கடையில் 100 ரூபாய் தேறும் என்று வைத்துக்கொண்டால், வருடா வருடம் ஒரே தொகையைக் கழிக்கும் நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு 100. அப்பாவிடம் சொன்னேன். "வண்டி நல்லாத்தானே ஓடுது, எது தேய்ஞ்சிது?" என்றார். சாரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "டயர் தேய்ஞ்சா கண்ணுக்குத் தெரியுது. சைக்கிள் தேயறது தெரியறதில்லை. அதுக்குத்தான் எழுதறோம்."

"எத்தனை சைக்கிள்?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். "யார் சொன்னது?" அப்பா சொன்னார். "எண்ணிப் பாத்தியா?"

அன்று இரவு கடை கட்டும்போது எண்ணினேன். பதினொன்று. ஏழாம் நம்பர் இல்லை. அப்பாவைக் கேட்டால், "அது வெளியில இருக்கு" என்றார். நோட்டைப் புரட்டினால், எட்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில் ஒரு பெயர், 7, காலை ஒன்பதே கால். விட்ட நேரம் காலி. கொண்டுபோனவனை அப்பாவுக்குத் தெரியும். வேலை தேடிக்கொண்டிருந்த பையன். "வருவான்" என்றார், அவ்வளவுதான். அந்தப் பேச்சை அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டதிலிருந்து, வீட்டில் இது புதுச் சண்டை இல்லை என்று புரிந்தது.

நான் 300 ரூபாயை, அதாவது தேய்மானம் போக மிஞ்சிய அதன் அப்போதைய ஏட்டு மதிப்பை, நட்டத்தில் போட்டுக் கொண்டுபோனேன். சார் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். "உங்கப்பா வருவான்னு சொல்றார் இல்ல? அப்ப நீ எப்படிடா வராக்கடன்னு எழுதுவ?" பிறகு சொல்லிக் கொடுத்தார். அந்த சைக்கிள் இப்போது கடைச் சொத்துப் பட்டியலில் இருக்கக் கூடாது, ஏனென்றால் கடையில் இல்லை. அது அந்தப் பையன் தர வேண்டிய 300 ரூபாய். கடனாளிகள் தலைப்புக்குப் போகட்டும். வருமா வராதா என்று தெரியாததால் ஐயக்கடன் ஒதுக்கு வை. எவ்வளவு என்று கேட்டேன். "பாதி வை. பாதி உங்கப்பா நம்பிக்கைக்கு, பாதி நம்ம பயத்துக்கு." 150 ரூபாய். கணக்கில் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

முடிவில் வந்தது இது. பதினொரு சைக்கிளுக்குத் தேய்மானம் 1,100, ஒதுக்கு 150 கழித்து நிகர லாபம் 8,130. வீட்டுச் செலவுக்கு அப்பா கல்லாவிலிருந்து எடுத்தது நாளைக்கு 25 ரூபாய் வீதம் 9,125. கடையின் மூலதனத்தில் 995 ரூபாய் குறைந்திருந்தது. ஆனால் கல்லாவிலோ வருட ஆரம்பத்தைவிட 255 ரூபாய் கூடத்தான் இருந்தது.

இதை அப்பாவுக்குப் புரியவைப்பது பெரும்பாடு. சொத்தையும் பொறுப்பையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பு என்றால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பழைய கணக்குப்பிள்ளைங்க ஐந்தொகைன்னு சொல்வாங்க, அப்படிச் சொல்லிப் பாரு" என்று சார் சொல்லியிருந்தார். ஐந்தொகை என்றதும் அப்பா கண்ணாடியைத் தேடினார். வரிவரியாகக் கேட்டார். கல்லாவில் பணம் கூடியிருக்கிறது, முதல் குறைந்திருக்கிறது என்ற இடத்தில் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப போன வருஷம் நாம சைக்கிளையா தின்னோம்?"

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அரையாண்டுக்குப் பிறகு விகித ஆய்வு. நான் நிகர லாப விகிதம் போட்டுத் துள்ளினேன், நூற்றுக்கு 48! சார் ஒரே கேள்வியில் இறக்கிவிட்டார்: "உங்கப்பா சம்பளம் எங்கே?" காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை அங்கே நின்றவருக்கு நாளைக்கு 15 ரூபாய் கூலி போட்டாலே 5,475. மிச்சம் 2,655.

அதன்பின் நோட்டுகளை மாற்றிக்கொண்டு அடுத்தவன் கணக்கைப் படிக்கச் சொன்னார். எனக்கு வந்தது மளிகைக் கடை. சரக்கு 9,000, கடனாளிகள் 4,500, ரொக்கம் 1,500, நடப்புப் பொறுப்புகள், அதாவது சீக்கிரம் கட்ட வேண்டியவை, 6,000. இருப்பதைக் கட்ட வேண்டியதால் வகுத்த நடப்பு விகிதம் 2.5, சரக்கை நீக்கிய விரைவு விகிதம் சரியாக 1. புத்தகம் கேட்பது இரண்டும் ஒன்றும்தான். கடை அருமையாக இருக்கிறது என்று எழுந்து நின்று அறிவித்தேன். "அந்த 4,500 எப்போ குடுத்த கடன்?" என்றார் சார். கடைக்காரர் மகன் எழுந்து, 3,000 ரூபாய் முந்தின தீபாவளிக்கும் முன்னால் கொடுத்தது என்றான். அதை எடுத்துவிட்டால் விரைவு விகிதம் 0.5. சொல்லும்போது அவன் குரல் கம்மியது. வீட்டில் நடப்பது நாற்பது பேர் முன்னால் கரும்பலகையில் ஏறிவிட்டதே. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சார் அதைக் கவனித்திருக்க வேண்டும். அடுத்த முறை நோட்டுகளில் பெயருக்குப் பதில் எண் மட்டும் இருந்தது. மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை, அந்தக் காலத்து வாத்தியார் அவர்.

நான் இங்கே ஷார்ஜாவில் வேலை பார்ப்பது கடன் வசூல் பிரிவில். எவ்வளவு என்பதை மென்பொருளே காட்டிவிடும், எப்போது என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அப்பா அந்தச் சித்திரையிலிருந்து ஒரு தகர டப்பாவில் தனியாகப் பணம் போட ஆரம்பித்தார். தேய்மானம் எழுதினால் மட்டும் பணம் சேராது, எடுத்து வைத்தால்தான் சேரும் என்று சார் சொன்னதை அவரிடம் சொல்லியிருந்தேன். அதில் இரண்டு புது வண்டி வாங்கினார். பிறகு வீட்டுக்கு வீடு சொந்த சைக்கிளும் டிவிஎஸ் 50யும் வந்துவிட்டன. 1997இல் கடையை மூடினார். பழைய இரும்புக்காரருக்காகத் தன் கையாலேயே ஒரு பட்டியல் எழுதினார். மொத்தம் ஒன்பது வண்டி, நம்பர் போட்டு, எடை போட்டு, ரூபாய் போட்டு. நடுவில் ஒரு வரியில் 7 என்று எழுதி, எடைக்கும் ரூபாய்க்கும் கோடு கிழித்துவிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: வரணும்.