சுத்தியலால் அடித்து ஏற்றிய வீல் பேரிங்: டர்பனில் நான் பட்ட பாடு

புதுசாக மாற்றிய வீல் பேரிங் (சக்கரம் தடையில்லாமல் சுழல உதவும் பாகம்) சில வாரங்களிலேயே மறுபடி கத்த ஆரம்பித்தால் எவ்வளவு ஆத்திரம் வரும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். முதல் பட்டறைக்குக் கொடுத்த பணம் போன வாரம்தான் திரும்பி வந்தது. கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. இதே வேலைக்காகப் பட்டறை தேடும் நம்மாட்கள் தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பன் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்கள் இந்த அலைச்சல் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது 2012 மாடல் சின்ன ஹேட்ச்பேக். புனித வெள்ளி அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோவில் தீமிதிக்குக் குடும்பத்தோடு என் 3 (N3) நெடுஞ்சாலையில் போனபோதுதான் சத்தத்தை முதலில் கவனித்தேன். 80-ஐத் தாண்டியதும் எங்கோ மாவு மில் ஓடுவது மாதிரி ஒரு உறுமல். மேரியன்ஹில் டோல் தாண்டி 110-ல் போகும்போது பின்சீட்டில் இருந்த அம்மா பேசுவது கேட்கவில்லை. வேகத்தைக் குறைத்தால் சத்தமும் இறங்கியது. கிளட்சை மிதித்து இன்ஜினை ஐடிலுக்கு விட்டும் பார்த்தேன், உறுமல் அப்படியே இருந்தது, ஆக இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் போனது ஒரு டயர் கடை. டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது, அதுதான் சத்தம் என்று சொல்லி, பேலன்சிங் செய்து, முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டு பில்லை நீட்டினார்கள். சத்தம் ஒரு இம்மி குறையவில்லை. அவர்கள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு, தேய்ந்த டயரும் இதே மாதிரிதான் கத்தும். ஆனால் டயர் சத்தம் சாலைக்குச் சாலை மாறும். வழவழப்பான புதுத் தாரில் அடங்கும், சொரசொரப்பான தாரில் கூடும். பேரிங் சத்தத்துக்கு சாலை எப்படி இருந்தாலும் ஒன்றுதான். டயரை இடம் மாற்றிய பிறகும் சத்தம் இருந்த இடத்திலேயே இருந்தால் டயரை விட்டுவிடுங்கள்.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க நீளமான வளைவு ஒன்று போதும். வலது பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடது சக்கரங்கள் மேல் இறங்கும். அப்போது உறுமல் கூடினால் இடது பக்கம் கோளாறு, இடது வளைவில் கூடினால் வலது பக்கம். எங்களுடையதில் வலது வளைவில் கூடியது. இங்கே இடது பக்கம் ஓட்டுகிறோம், ஓரத்துக் குழியும் கர்ப் கல்லும் மழைத் தண்ணீரும் முதலில் இடது சக்கரத்துக்குத்தான் கிடைக்கும். அதனால் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தின் மேலும் கீழும் கையை வைத்து ஆட்டிப் பார்த்தேன். லேசான ஆட்டம் இருந்தது. ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் காணாமல் போனால் அது பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட் மாதிரி வேறு ஏதோ. ஆனால் ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், இப்போதைய பேரிங்குகள் பெரும்பாலும் ஆட ஆரம்பிப்பதற்கு வெகுநாள் முன்பே கத்தும். காயில் ஸ்பிரிங் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தை இன்னொரு கையால் சுற்றினால், உள்ளே மணல் அரைபடுவது போல விரல்களில் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அப்புறம் விலை விசாரிக்கக் கிளம்பினேன். இங்கேதான் குழப்பம், ஏனென்றால் வீல் பேரிங் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான பொருளை விற்கிறார்கள். பழைய பக்கிகளிலும் (பிக்அப் வண்டிகள்) டிரெய்லர்களிலும் இருப்பது கூம்பு ரோலர் வகை, உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு. கழற்றிக் கழுவி, கிரீஸ் அடைத்து, நட்டை அளவாக இறுக்கிவிட்டு ஓட்டலாம். இரண்டாவது, என் காரில் இருக்கிற வகை, இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட மூடிய பேரிங்; நக்கிளுக்குள் (பேரிங்கைத் தாங்கும் இரும்புப் பாகம்) பிரஸ் (அழுத்தும் எந்திரம்) போட்டு ஏற்றி, சர்க்கிளிப் (நழுவாமல் பிடிக்கும் வளையம்) மாட்டி, அதற்குள் ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஏற்ற வேண்டும். மூன்றாவது ஹப்போடு சேர்ந்தே வரும் யூனிட், மூன்று அல்லது நான்கு போல்ட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது. நான் விசாரித்த கடைகளில் இரண்டாம் வகை நல்ல கம்பெனிச் சரக்கு 500 முதல் 900 ரேண்ட் வரை சொன்னார்கள், பெயர் தெரியாத பெட்டியில் 200 சொச்சத்துக்கும் இருந்தது. யூனிட் 1,000-க்கு மேல்தான் ஆரம்பம். பொருள் விலையில் யூனிட் கூடுதல், கூலியில் இரண்டாம் வகை கூடுதல். போனில் விலை கேட்கும்போது 15 சதவீத வாட் வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள்.

நான் கம்பெனிச் சரக்கே வாங்கினேன், 640 ரேண்ட். பொருளை நீங்களே வாங்கி வாருங்கள், நாங்கள் மாட்டித் தருகிறோம் என்று நான் போன முதல் பட்டறையில் சொல்லியிருந்தார்கள். கூலி 750 என்று வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் இல்லை.

காரை விட்டுவிட்டு மதியம் போய் எட்டிப் பார்த்தேன். நக்கிள் சிமெண்ட் தரையில் கிடக்கிறது, புது பேரிங்கின் உள்வளையத்தின் மேல் ஒரு பெரிய சாக்கெட்டை வைத்து, பையன் ஒருவன் சம்மட்டியால் அடித்து இறக்கிக்கொண்டிருக்கிறான். பிரஸ் இல்லையா என்று கேட்டேன். எப்போதும் இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகாது என்றார் முதலாளி. பழைய உள்வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்ததை கிரைண்டரால் அறுத்து எடுத்திருந்தார்கள், அதில் ஹப்பிலும் ஒரு கீறல். டிரைவ் ஷாஃப்ட் நட்டை ஏர் கன்னால் படபடவென்று இறுக்கியதோடு சரி, டார்க் ரெஞ்சை (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) யாரும் கையில் எடுக்கவில்லை. பழைய பேரிங் எங்கே என்றால், குப்பையில் போட்டாயிற்று.

வெளியே வந்து முதல் ரோபோவுக்குப் (இங்கே சிக்னல் விளக்கை அப்படித்தான் சொல்வோம்) போவதற்குள் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தது. திரும்பிப் போய்ச் சொன்னால், சென்சார் போயிருக்கிறது, புது சென்சார் 1,400 ஆகும் என்கிறார்கள். காலையில் சரியாக இருந்த சென்சார்! நான் மறுத்துவிட்டு வந்தேன். உறுமல் கொஞ்ச நாள் இல்லை. பிறகு மெதுவாக அதே பக்கம், அதே வேகத்தில் மறுபடி.

இனி நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். பட்டறைக்காரர் நீங்கள் வாங்கி வந்த சரக்கு மட்டம் என்றார். சரக்குக் கடையில் மாட்டினவன் கெடுத்துவிட்டான், மாட்டிய பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். இரண்டு கவுண்டருக்கும் நடுவே அலைந்ததில் பெட்ரோலும் பாதி நாள் சம்பளமும் போயின.

எங்கள் தெருவில் இருக்கும் மாமா ஒருவர்தான் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு பெரியவரைச் சொன்னார். சின்ன ஷெட், ஆனால் மூலையில் ஹைட்ராலிக் பிரஸ், சுவரில் வரிசையாக டார்க் ரெஞ்ச். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். என் பேரிங்கைக் கழற்றி, வெளிவளையத்தை அறுத்துப் பிரித்து, துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு, "தம்பி, இங்க பாருங்க" என்று டார்ச் அடித்துக் காட்டினார். பளபளவென்று இருக்க வேண்டிய, குண்டுகள் உருளும் ஓடுபாதையில் சின்னச் சின்னப் பள்ளங்கள், குண்டுக்கு ஒரு பள்ளம், ஒன்றுக்கொன்று சரியான இடைவெளியில். நகத்தால் தடவினால் ஒவ்வொன்றும் தட்டுப்பட்டது. வெளிவளையத்தை நக்கிளுக்குள் இறக்க வேண்டுமென்றால் வெளிவளையத்தைத்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் போகும், குண்டு ஓடுபாதையைக் குத்திவிடும். அதே மாதிரி ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அப்படி அடி வாங்கிய பேரிங், சத்தம் வராவிட்டாலும் அன்றே செத்துவிட்டது என்று அர்த்தம், காதில் விழத்தான் நாளாகும்.

ஏபிஎஸ் விளக்குக்கும் அவரே காரணம் சொன்னார். இந்த மாதிரி பேரிங்கில் ஒரு பக்கத்து சீலிலேயே (தூசி, தண்ணீர் புகாமல் தடுக்கும் மூடி) காந்த வளையம் இருக்கும், சென்சார் படிப்பது அதைத்தான். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். முதல் பட்டறையில் திருப்பிப் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் காந்தம் என்று தெரிய சின்ன அட்டை ஒன்று விற்கிறது, மேலே வைத்தால் கோடு கோடாகத் தெரியும், அவர் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார். புது பேரிங், புது நட்டு (இந்த நட்டு ஒரு தடவைக்குத்தான், பழையதை மறுபடி போடக்கூடாது), கீறல் விழுந்த ஹப்புக்குப் பதில் வேறு ஹப், எல்லாம் முடித்து, கம்பெனி சொன்ன அளவுக்கு நட்டை டார்க் ரெஞ்சில் இறுக்கிய பிறகுதான் வண்டியைத் தரையில் இறக்கினார். நட்டு இறுகுமுன் சக்கரத்தில் பாரம் விழுந்தாலும் பேரிங் கெடும் என்று அதையும் சொல்லிக்கொடுத்தார். மொத்தம் 2,350 ரேண்ட், எழுதிய பில்லோடு. விளக்கு அணைந்தது. சென்சார் அதே பழைய சென்சார்தான்.

அந்தப் பள்ளம் விழுந்த வளையத்தைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இதுதான் கடைசியில் எனக்குக் கைகொடுத்தது.

இந்த நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம், நமக்கு நிறையவே தருகிறது, கேட்கத்தான் ஆளில்லை. 57-ஆம் பிரிவின்படி, பழுது பார்க்கும்போது மாட்டிய புது உதிரிப்பாகத்துக்கும் மாட்டிய கூலிக்கும் 3 மாத உத்தரவாதம் உண்டு. கடைச் சுவரில் உத்தரவாதம் இல்லை என்று எழுதி ஒட்டியிருந்தாலும் உண்டு. 67-ஆம் பிரிவின்படி, கழற்றிய பழைய பாகத்தை நாம் வேண்டாம் என்று சொல்லாதவரை நம்மிடம் திருப்பித் தர வேண்டும். வேலைக்கு முன் மதிப்பீடு கொடுத்து நம் சம்மதம் வாங்குவதைப் பற்றி 15-ஆம் பிரிவு பேசுகிறது. இந்த எண்களைப் போட்டு, பள்ளங்களின் படம், ஏபிஎஸ் விளக்கின் படம், இரண்டாவது மெக்கானிக் எழுதிக்கொடுத்த குறிப்பு, இரண்டு பில், எல்லாம் இணைத்து முதல் பட்டறைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வராவிட்டால் மோட்டார் தொழில் ஆம்பட்ஸ்மனுக்குப் (புகார்களை விசாரிக்கும் நடுநிலை அமைப்பு) போவேன் என்று கடைசி வரியில் எழுதினேன். அங்கே போவதாக இருந்தாலும் முதலில் கடைக்கே எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும், அதனால் போனில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதலாளியே கூப்பிட்டார். முதலில் சத்தம், பிறகு சமாதானம். பாதிப் பணம் தருகிறேன் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூலி 750, பேரிங் 640 இரண்டும் கணக்கில் வந்து சேர்ந்தன. ஹப் கீறலுக்கு ஒன்றும் தரவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

வேலைக்குக் கொடுக்கும் முன் போனிலேயே கேளுங்கள்: பிரஸ் இருக்கிறதா, நட்டை டார்க் ரெஞ்சில் இறுக்குவீர்களா, பொருளையும் நீங்களே வாங்கிப் போட்டு ஒரே பில்லில் தருவீர்களா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பொருள் ஒருவர், கூலி ஒருவர் என்று பிரிந்தால் இருவரும் கை கழுவிவிடுவார்கள். ஜாப் கார்டில் (பட்டறையில் வேலை விவரம் எழுதும் தாள்) பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்பார்கள், பேரிங்குக்கு அது கட்டாயமில்லை. மறுபக்கத்தையும் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மலிவு விலையில் பிரபலமான பெயர் போட்ட பெட்டி கிடைத்தால் சந்தேகப்படுங்கள், போலிச் சரக்கு உண்டு. எஸ்கேஎஃப் போன்ற கம்பெனிகள் பெட்டியைப் படமெடுத்து அனுப்பினால் அசலா என்று சொல்ல ஆப் வைத்திருக்கின்றன.

காரை விற்கிற எண்ணம் இருந்தால் இன்னும் சீக்கிரம் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு ரோட்வொர்த்தி சான்றிதழ் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று) வேண்டும், சக்கரம் ஆடினால் அதற்கான சோதனையில் தேறாது. உறுமலோடு மாதக்கணக்கில் ஓட்டவும் வேண்டாம், முற்றினால் சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளும், கழன்றும் போகும். என் 3-ல் லாரிகளுக்கு நடுவே அது நடப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. காரைக் கழுவும்போது பிரஷர் வாஷரை நேராக ஹப் மேல் பிடிக்காதீர்கள், சீலைத் தாண்டித் தண்ணீர் போகும். கடலில் படகு இறக்கும் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு ரோலரைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் அடையுங்கள். அதற்குச் செலவு ஒரு டப்பா கிரீஸும் ஒரு காட்டர் பின்னும்தான் (நட்டு கழலாமல் பிடிக்கும் கம்பி ஊசி).

ஃபீனிக்ஸ் பெரியவரின் எண்ணைப் பொதுவில் போட அவர் சம்மதிக்கவில்லை, ஒரு ஆளாக இவ்வளவு வேலை தாங்காது என்கிறார். வலது பக்கத்தை அடுத்த சர்வீஸில் அவரிடமே காட்டப் போகிறேன்.