அப்பாவின் ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்திய கதை

திருகோணமலை நிலாவெளி வீதியில் ஒரு வளைவைத் திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. எதிரே பஸ். பலம் கொடுத்து இழுத்துத்தான் ஜீப்பை என் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்கு வந்து இறங்கியபோதும் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஜீப்பை உயர்த்த முதல் கராஜுக்குக் கொடுத்த 28,000 ரூபாய் போனது போகட்டும். அன்றைக்கு அம்மாவும் ஜீப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் இன்னும் மனதை அரிக்கிறது. பழைய ஜீப்பைக் குறைந்த செலவில் உயர்த்த நினைக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கராஜுக்குப் போங்கள்.

எங்களுடையது மிட்சுபிஷி ஜீப், 4டிஆர்5 டீசல் எஞ்சின். வில்லிஸ் ஜீப்பைச் செய்யும் உரிமையை வாங்கி ஜப்பானில் 1953 முதல் 1998 வரை செய்த அந்த வகை. அப்பா வாங்கியது, தம்பலகாமத்து வயலுக்கு இன்றும் அதில்தான் போகிறோம். மாரி தொடங்கிவிட்டால் உழவு மெஷின் ஓடிய தடம் இரண்டு பக்கமும் ஆழமாகிவிடும், நடுமேடு கியர் பெட்டிக்குக் கீழே உள்ள தகட்டில் உரசும். பல வருடப் பாரத்தில் ஸ்பிரிங் பட்டைகளும் வளைவு போய்த் தட்டையாகிக் கிடந்தன. வெளிநாட்டிலிருந்து முழு செட் எடுப்பது எங்கள் கைக்கு எட்டாத காரியம்.

முதலில் போன கராஜில் பாஸ் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “ஷக்கிளை நீட்டிவிட்டாச் சரி தம்பி, அரை நாள் வேலை” என்றார். ஸ்பிரிங்கின் ஒரு நுனியைச் சேசிஸோடு இணைக்கும் துண்டுதான் ஷக்கிள். அது இரண்டு அங்குலம் நீண்டால் ஜீப் ஒரு அங்குலம்தான் உயரும், ஏனென்றால் சில்லுகளைத் தாங்கும் அக்சில் ஸ்பிரிங்கின் நடுவில் இருக்கிறது. அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது வேறு. என் ஜீப்பில் முன் ஸ்பிரிங்கின் ஷக்கிள் முன்நுனியில் இருக்கிறது. அதை நீட்டினால் ஸ்பிரிங்கின் முன்நுனி கீழே இறங்கும், அதோடு அக்சிலும் முன்னால் உருளும். சில்லு திரும்பும் அச்சின் மேல்பக்கம் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும், அந்தச் சாய்வு குறைந்துவிடும். ஸ்டியரிங்கைத் திரும்பவும் நேருக்குக் கொண்டுவருவது அந்தச் சாய்வுதான். நிலாவெளி வீதியில் நடந்தது அதுதான்.

அதே பாஸ் பின் ஸ்பிரிங் பட்டைகளை கேஸ் டோர்ச்சால் சிவக்கச் சுட்டு, சுத்தியலால் அடித்து வளைத்துத் தந்தார். பூட்டிய அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது கிழமை இடது பின்பக்கம் இறங்கி ஜீப் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கேட்கப் போனால், “பழைய ஸ்பிரிங் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஸ்பிரிங் இரும்பின் பலமே அதைச் சூடாக்கிக் குளிர்வித்து ஏற்றிய பதம். டோர்ச்சால் ஓரிடத்தைச் சுட்டால் அந்த இடத்தில் பதம் செத்துவிடும். டோர்ச்சை எடுக்கிற கையை அங்கேயே தடுத்துவிடுங்கள்.

இன்னொரு கராஜில் அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கட்டை வைக்கலாம் என்றார்கள். ஹைலக்ஸ் மாதிரி ஸ்பிரிங் அக்சிலுக்கு மேலே இருக்கிற வாகனத்துக்கு அது சரி, அதுவும் பின்பக்கத்துக்கு மட்டும். என் ஜீப்பில் அக்சில் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே கட்டை வைத்தால் ஜீப் இறங்குமே தவிர உயராது. அப்புறம் அங்கே நிற்கவில்லை.

பட்டை ஒன்று கூடுதலாகச் சேர்த்தால் என்ன என்று தோன்றியது. ஜீப் வீட்டில் கல்லின் மேல் ஏறி நிற்க, பஸ்ஸில் கந்தளாய்க்குப் போனேன். அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில் லொறிப் பட்டை ஒன்றைத் தேடி எடுத்து, 40 கிலோமீட்டர் மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் அகலம் 5 மில்லிமீட்டர் கூடுதல். நான் சாணால் அளந்துகொண்டு போயிருந்தேன். ஒரு நாள் வீண். அகலம், தடிப்பு, நடு போல்ட்டின் ஓட்டை மூன்றையும் கலிப்பரால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

கடைசியில் வயல் பக்கத்துக்காரர் ஒருவர் கிண்ணியாவில் ஸ்பிரிங் வேலை செய்யும் ஒரு நானாவைக் காட்டினார். அவர் முதலில் செய்தது, சீமெந்துத் தரையில் பட்டையை வைத்து வெண்கட்டியால் அதன் வளைவை வரைந்தது. அதற்கு மேலே தேவையான வளைவை இன்னொரு கோடாக வரைந்தார். பிறகு பட்டையைச் சூடாக்காமல், பிரஸ்ஸில் நான்கு விரல் அகலத்துக்கு ஓர் அழுத்தம் கொடுத்து நகர்த்தினார். இரண்டு மூன்று அழுத்தத்துக்கு ஒருமுறை தரையில் வைத்துக் கோட்டோடு பார்ப்பார். கோட்டைத் தாண்டினால் திருப்பிப் போட்டு ஒரு சின்ன அழுத்தம். அவசரமே இல்லை. “சுட்டா லேசா வளையும் தம்பி, லேசாவே திரும்பப் படுத்திரும்” என்றார். டோர்ச்சில் செத்த இரண்டு பட்டைகளையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு பழைய ஜீப்பின் பட்டைகளைப் போட்டார். பின்பக்கத்துக்கு ஒவ்வொரு பட்டை கூடுதலாகவும் சேர்த்தார். நான்கு ஸ்பிரிங்குக்கும் 36,000 ரூபாய். முதலிலேயே இவரிடம் போயிருக்கலாம்.

பூட்டியது நானும் தம்பியும். பழைய நீளத்து ஷக்கிளையே திரும்பப் போட்டோம். சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை வேலைக்கு முன்னும் பின்னும் அளந்தோம், அப்படி அளந்தால் டயர்க் காற்று கணக்கைக் குழப்பாது. முன்னால் இரண்டு அங்குலம், பின்னால் இரண்டேகால். ஓட்டிப் பார்த்தபோது ஸ்டியரிங் கொஞ்சம் லேசாக இருந்தது. அதனால் அச்சின் பின்சாய்வைக் கூட்ட, முன் அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஆப்பு மாதிரிச் சரிவான தகடு வைத்தோம். என் ஜீப்பைப்போல அக்சில் மேலே இருந்தால் தகட்டின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். ஸ்பிரிங் மேலே இருக்கும் வாகனத்தில் அது நேர்மாறு.

இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். சேசிஸை ஜாக்கில் தூக்கி, அக்சிலைத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸைப் பாருங்கள். எங்களுடையது கம்பி மாதிரி விறைத்து நின்றது. தரையில் நிற்கும்போது ஒன்றுமே தெரியவில்லை. ஒரு பள்ளத்தில் சில்லு தொங்கியிருந்தால் அங்கேயே அறுந்திருக்கும். நீளமான ஹோஸ் போட்ட பிறகுதான் ஜீப்பை வீதிக்கு எடுத்தோம். ஷாக் அப்சோபரையும் அதே நிலையில் வைத்தே பாருங்கள். ஸ்பிரிங்கை அக்சிலோடு கட்டும் பழைய யூ போல்ட்டை மறுபடி பூட்ட வேண்டாம், இழுபட்டது இழுபட்டதுதான்.

ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அக்சிலில் புடைத்துத் தொங்கும் டிஃப்பரன்ஷல் உயராது. அதற்கு டயர் ஒன்றே வழி. பழைய 6.00-16 தேய்ந்திருந்ததால் 7.00-16 போட்டேன். கன்டர் லொறிக்குப் போடும் அளவு, எங்கும் கிடைக்கும். அதில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் வந்தது. வேகமானி உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். வாகனப் பதிவுப் புத்தகத்தில் டயர் அளவும் இருக்கும், வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

அக்சிலை ஸ்பிரிங்குக்குக் கீழே மாற்றினால் ஐந்தாறு அங்குலம் வரும் என்று ஆசை காட்டினார்கள். அகலம் குறைந்த, கட்டையான ஜீப் அது. வரம்போரம் சாய்ந்து ஓடுகிற எனக்கு அந்த உயரம் வேண்டாம். இந்த உயரத்துக்கே அம்மா ஏறுவதற்குக் கஷ்டப்பட்டா, ஒரு படி வெல்டிங் செய்து வைத்தேன்.

போன கார்த்திகையில் மூன்று நாள் மழைக்குப் பிறகு தம்பலகாமத்துத் தடத்தில் இறக்கினேன். வயல் வரை உரசல் சத்தம் ஒன்றும் வரவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தேன். டிஃப்பரன்ஷலில் சேறு, கியர் பெட்டித் தகடு காய்ந்தே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் யூ போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்தேன், 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருந்தார் நானா. இடது பின்பக்கத்தில் இரண்டு நட் மட்டும் கால் சுற்றுக் கொடுத்தன.