அம்மம்மாவும் மெய்நிகர்க் கண்ணாடியும்

கனடாவிலிருந்து வந்திருந்த மாமாவின் மகன், சென்ற ஆண்டு ஒரு மெய்நிகர்க் கண்ணாடியை (கண்ணை மூடி அணிந்தால், வேறோர் இடத்தில் இருப்பதுபோல் நாற்புறமும் காட்சி காட்டும் VR கருவி) வன்னியிலுள்ள எங்கள் முள்ளியவளை வீட்டில் விட்டுச் சென்றான். முழங்கால் தேய்ந்து, படலையைத் தாண்டுவதற்கே ஒருவருடைய தோள் தேவைப்படும் அம்மம்மாவுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று அவன் நினைத்தான். எண்ணம் நல்லதுதான்; ஆனால் முதல் நாளே பிழைத்துப்போனது.

அவன் போட்டுக் காட்டிய காணொளி, தென்னந்தோப்புக்கு மேலே பறந்தபடி, ட்ரோனின் இரைச்சலோடு தொடங்கியது. சில விநாடிகளுக்குள் அம்மம்மா கதிரையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, "வண்டு சுத்துது, கழட்டு பிள்ளை" என்றார். 2008, 2009 ஆம் ஆண்டுகளில், இறுதிப் போரின்போது வன்னியில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. தலைக்கு மேலே சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்றே அழைத்தோம். அது இரைந்தால் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட வேண்டும்.

பிறகுதான் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். முதியவர்கள் பழையதையே பேசுவது மூளைத் தளர்ச்சியின் அறிகுறி என்று கருதப்பட்ட காலத்தில், அது வாழ்க்கையைச் சீர்தூக்கிப் பார்க்கும் இயல்பான செயல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963 இல் எழுதினார். இன்று முதியோர் இல்லங்களில் இக்கண்ணாடியைக் கொண்டு பழைய ஊரையும் தெருவையும் காட்டுவதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அந்தச் சிந்தனைதான். பிரித்தானியாவில் மறதிநோய் உள்ளவர்களுக்காக, 1953 ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவன்று நடந்த தெருக் கொண்டாட்டத்தையே மீண்டும் நடித்துப் படமாக்கியிருக்கிறார்கள். அதே கருவியை 1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் அச்சத்தைத் தணிக்க, ஹெலிகொப்டர் காட்சியையும் ஓசையையும் வேண்டுமென்றே காட்டிப் பயன்படுத்தினார்கள். அங்கே பக்கத்தில் சிகிச்சையாளர் இருந்தார். எங்கள் விறாந்தையில் நான் மட்டுமே இருந்தேன்.

ஆகவே நானே படம் பிடிப்பது என்று முடிவெடுத்து, நாற்புறமும் ஒருசேரப் பதியும் கமராவொன்றை இரவல் வாங்கினேன். அதை நடந்துகொண்டே பிடித்தால், பார்ப்பவரின் கண் அசைவைக் காணும்போது சமநிலையை உணரும் உள்காது உடல் அசையவில்லை என்று சொல்ல, குமட்டலும் தலைச்சுற்றும் வந்துவிடும். ஆதலால் கமராவை ஓரிடத்திலேயே நிறுத்தினேன். உயரத்தையும், கதிரையில் இருக்கும் அம்மம்மாவின் கண்மட்டத்துக்கு, அதாவது நான்கடிக்குச் சற்றுக் குறைவாக வைத்தேன். கண்ணாடியின் எடை ஏறக்குறைய அரைக் கிலோ. கொண்டை இருந்தால் பட்டி பிடிக்காது. அதற்காக அவர் பின்னல் போட்டுக்கொண்டார் (எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு என்று சொல்லிச் சிரித்தார்). எங்கள் வெக்கையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் போட்டிருந்தால் வியர்வையில் வில்லை புகைபோலாகிவிடுகிறது.

வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளை அம்மன் கோயில் வீதியில், ஒரு மரத்தடியில் கமராவை நிறுத்தினேன். மறுநாள் அம்மம்மா அதைப் பார்த்தார். கும்பிட்டார், வலப்பக்கம் திரும்பினார், பின்பக்கம் திரும்ப முடியாமல் கதிரையைத் திருப்பச் சொன்னார். கழற்றியதும் முதலில் வந்தது ஒரு குறை: "கற்பூரம் மணக்கேல்லை." அதன் பிறகு ஏறக்குறைய ஒரு மணிநேரம், சிறுமியாக மாட்டு வண்டிலில் அந்தப் பொங்கலுக்கு வந்ததையும், எண்ணெய்க்குப் பதிலாகக் கடல்நீரில் விளக்கெரிவதைத் தகப்பனின் தோளில் இருந்து பார்த்ததையும், நான் ஒருபோதும் கேட்டிராத பெயர்களையும் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி அந்நேரம் மேசையில் கிடந்தது. உண்மையைச் சொன்னால், ஐந்து நிமிடப் படத்தைவிட அந்த ஒரு மணிநேரமே எனக்குப் பெரிதாகப்பட்டது. படம் இல்லாவிட்டால் அது வந்திருக்குமா என்பதும் ஐயம்தான்.

போன கிழமை அவர் தாமாகவே கேட்டது, இடம்பெயர்ந்த பின் தாம் திரும்பிப் போகாத பழைய வளவை. அங்கே வீடு இல்லை, பற்றை மூடிய கிணறு மட்டும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். காட்டலாமா என்று நான் தயங்குவதைக் கண்டுகொண்டவர் போல், "கிணத்தடியில வைச்சு எடு, மேலால மட்டும் பிடிக்காதை" என்றார்.