க்ரோமாக்ஸைக் கம்பைல் செய்யும்போது சிமேக்கிடம் சொல்ல வேண்டியவை

மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் உருவகப்படுத்தும் மென்பொருளான க்ரோமாக்ஸை உபுண்டுவில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். கற்றுக்கொள்ள அது போதும். ஆனால் ஒரு புரதத்தையும் அதைச் சுற்றியுள்ள நீரையும் நாள்கணக்கில் ஓடவிடப் போகிறீர்கள் என்றால் மூலநிரலை இறக்கி நீங்களே கம்பைல் செய்யுங்கள். ஆயத்தத் தொகுப்பு பழைய பிராசசர்களிலும் ஓடியாக வேண்டும் என்பதால், புதியவற்றில் உள்ள ஏவிஎக்ஸ் போன்ற வெக்டர் கட்டளைகளை (ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடுபவை)ப் பெரும்பாலும் பயன்படுத்தாமலே விட்டுவிடும். வேகத்துக்காகவே எழுதப்பட்ட மென்பொருளை அப்படி ஓட்டுவது வீண்.

முதலில் எஃப்எஃப்டிடபிள்யூ, அதாவது க்ரோமாக்ஸ் பயன்படுத்தும் ஃபூரியர் உருமாற்ற நூலகம். தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. க்ரோமாக்ஸ் வழக்கமாக ஒற்றைத் துல்லியத்தில் கணக்கிடுகிறது. எஃப்எஃப்டிடபிள்யூவோ எதுவும் சொல்லாவிட்டால் இரட்டைத் துல்லியத்தில் உருவாகும். எனவே அதன் கான்ஃபிகர் கட்டளையில் 'எனேபிள்-ஃப்ளோட்' கொடுக்க வேண்டும். மறந்தால், நூலகம் கண்ணெதிரே இருந்தும் 'எஃப்எஃப்டிடபிள்யூ3எஃப் கிடைக்கவில்லை' என்று, க்ரோமாக்ஸின் கம்பைலை அமைத்துத் தரும் கருவியான சிமேக் நின்றுவிடும். பெயரின் கடைசி 'எஃப்' ஒற்றைத் துல்லியத்தைக் குறிப்பது. கூடவே 'எனேபிள்-ஷேர்டு' வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டாட்டிக் நூலகம் மட்டுமே உருவாகி, லிங்க் செய்யும் கட்டத்தில் 'எஃப்பிஐசி சேர்த்து மறுபடி கம்பைல் செய்' என்ற பிழை வரும். 'எனேபிள்-எஸ்எஸ்இ2', 'எனேபிள்-ஏவிஎக்ஸ்2' இரண்டையும் சேர்த்துவிடுங்கள். த்ரெட், எம்பிஐ (பல கணினிகள் சேர்ந்து கணக்கிட உதவும் முறை) ஆதரவு இதற்குத் தேவையில்லை.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்கள் சிமேக்கிடம் 'ஜிஎம்எக்ஸ்_பில்ட்_ஓன்_எஃப்எஃப்டிடபிள்யூ' ஆன் என்று சொன்னால் அதுவே இறக்கிக் கட்டிக்கொள்ளும். ஆனால் இணையத் தொடர்பு இல்லாத கிளஸ்டரில், அதாவது பல கணினிகளை இணைத்த கூட்டத்தில், அது நடக்காது.

அடுத்து க்ரோமாக்ஸ். மூலநிரல் டைரக்டரிக்குள் 'பில்ட்' என்று தனி டைரக்டரி திறந்து, அதற்குள்ளிருந்து சிமேக்கை ஓட்டுங்கள். எஃப்எஃப்டிடபிள்யூவை உங்கள் ஹோம் டைரக்டரியில் நிறுவியிருந்தால் அதன் பாதையை 'சிமேக்_ப்ரிஃபிக்ஸ்_பாத்' வழியாகக் கொடுங்கள். கம்பைலரை மாற்ற நேர்ந்தால் பில்ட் டைரக்டரியை முழுதாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் கண்ட கம்பைலரைச் சிமேக் தன் கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். ஜிசிசியின் புதிய பதிப்பைப் பிறகு பாதையில் சேர்த்தாலும் அது திரும்பிப் பார்க்காது.

பிராசசரின் வெக்டர் வகையைச் சிமேக் தானாகவே கண்டுபிடிக்கும். ஆனால் அது பார்ப்பது கம்பைல் நடக்கும் கணினியை. கிளஸ்டரில் நாம் உள்நுழையும் கணினியான லாகின் நோடு ஒரு தலைமுறையும் வேலை ஓடும் கணக்கீட்டு நோடு வேறொரு தலைமுறையுமாக இருப்பது சாதாரணம். லாகின் நோடு புதிதாக இருந்தால், பழைய நோடில் ஓடத் தொடங்கியதுமே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று செத்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடுகிறது. லாகின் நோடு பழையதாக இருந்தால் பிழையே வராது. மெதுவாக ஓடும், அவ்வளவுதான். எந்த நோடில் ஓடப் போகிறது என்பதை பிராசசர் விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளையால் பார்த்து, வெக்டர் வகையைக் குறிக்கும் 'ஜிஎம்எக்ஸ்_சிம்ட்' மதிப்பை நீங்களே எழுதுங்கள். பெரும்பாலான இன்டெல் பிராசசர்களுக்கு 'ஏவிஎக்ஸ்2_256' பாதுகாப்பான தேர்வு. ஏவிஎக்ஸ்_512 எப்போதும் வேகமானது என்று எண்ண வேண்டாம்: 512 பிட் பெருக்கல்-கூட்டல் அலகு ஒன்றே உள்ள ஜியான் பிரான்ஸ், சில்வர் வகைகளில் ஏவிஎக்ஸ்2 முந்திவிடும்.

ஒரே நோடுக்குள் ஓட்டுபவர்களுக்கு உள்ளேயே இருக்கும் த்ரெட்-எம்பிஐ போதும். பல நோடுகள் என்றால்தான் 'ஜிஎம்எக்ஸ்_எம்பிஐ' ஆன். அப்போது நிரலின் பெயரும் 'ஜிஎம்எக்ஸ்_எம்பிஐ' என்று மாறும். வேலை ஸ்கிரிப்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மேக் கட்டளைக்கு கோர் எண்ணிக்கை அத்தனையையும் கொடுக்காதீர்கள். நினைவகம் குறைவான கணினியில் 'கில்டு' என்ற சொல்லும் 'சிசி1பிளஸ்' என்ற பெயரும் சேர்ந்து வந்தால் நிரலில் கோளாறு இல்லை, ரேம் தீர்ந்துவிட்டது. இணைப்பணிகளைப் பாதியாக்கி மறுபடி மேக் கொடுங்கள், விட்ட இடத்திலிருந்தே தொடரும். பின் 'மேக் செக்', அது தேறிய பிறகே 'மேக் இன்ஸ்டால்'. சோதனையைத் தாண்டிக் குதிப்பவர்கள் நிறைய. தவறான விசைகளைக் கணக்கிடும் பைனரி சத்தமின்றி ஓடும் என்பதால் அந்தச் சில நிமிடங்களைத் தவிர்க்கவே கூடாது.

நிறுவிய பிறகு 'பின்' டைரக்டரியில் உள்ள ஜிஎம்எக்ஸ்ஆர்சி கோப்பைச் சோர்ஸ் செய்து, சிறிய ஓட்டம் ஒன்றை விட்டு, லாக் கோப்பின் தலைப்பகுதியைப் படியுங்கள். சிம்ட் வகை, எஃப்எஃப்டி நூலகம், கம்பைலர் எல்லாம் அங்கே இருக்கும். கம்பைல் செய்த வகையும் நோடு தாங்கும் உயர்ந்த வகையும் வேறுபட்டால் அதையும் அதே இடத்தில் எச்சரித்திருக்கும்.