சீட்டில் இருந்த பதவிப் பெயர்

கியோத்தோவில் நான் போகும் ஜப்பானிய மொழி வகுப்பில் புத்தாண்டுக்கு 'ஹ்யாக்குநின் இஷ்ஷு' சீட்டு விளையாடுவோம். நூறு கவிஞர்கள், ஆளுக்கு ஒரு பாட்டு. ஒருவர் பாட்டைப் படிக்க, அதற்குரிய சீட்டை முதலில் தட்டுபவருக்கே அது. போன முறை ஆளுக்கொரு கவிஞரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார் ஆசிரியை. எனக்கு வந்தது 97ஆம் சீட்டு: 'கொன்ச்சூனகொன் சதாயியே'. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்தேன். மூன்று மாதம் பிடித்தது.

முதலில் பெயரே தகராறு. சீட்டில் பெயராக இருக்கும் இரண்டு சீன எழுத்தை 'சதாயியே' என்றும் படிக்கலாம், 'தெய்க்கா' என்றும் படிக்கலாம். நூறு பாட்டையும் தொகுத்தவராகச் சொல்லப்படும் ஃபுஜிவாரா நோ தெய்க்காதான் இவர் என்று தெரியவே ஒரு வாரம் ஆனது. அவர் அப்பாவுக்கும் 'ஷுன்சே', 'தொஷினாரி' என்று இரண்டு பெயர். கொஞ்ச நாள் என் குறிப்பேட்டில் தெய்க்காவுக்கு இரண்டு அப்பாக்கள் இருந்தார்கள்.

அப்புறம் தேதி. ஆண்டுகளைச் சகாப்தப் பெயர் வைத்துத்தான் எண்ணுவார்கள். 1185ஆம் ஆண்டு ஒரு சகாப்தப் பெயரில் தொடங்கி, எட்டாம் மாதம் 'புன்ஜி 1' என்று மாறிவிடுகிறது. சந்திர மாதக் கணக்கு வேறு. வயது இன்னும் மோசம்: பிறந்ததும் ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று. 1162இல் பிறந்து 1241இல் இறந்தவருக்கு 80 வயது என்றிருந்ததை அச்சுப்பிழை என்று நினைத்து, 79 என்று 'திருத்தி' வைத்திருந்தேன்.

உண்மையில் திணறியது அவருடைய உத்தியோகத்தில்தான். அரசவையில் ஒருவருக்குப் படிநிலை தனி, பதவி தனி. படிநிலை மொத்தம் முப்பது. மூன்றாம் படிநிலைக்கு வந்தாலோ, ஆலோசகர் பதவி கிடைத்தாலோதான் 'குக்யோ' என்ற மேல்மட்டத்தில் சேர்த்தி. அந்த மேல்மட்டத்தாரை ஆண்டுவாரியாகப் பட்டியலிடும் 'குக்யோ புனின்' என்ற பதிவேடு இருக்கிறது. புதிதாக உள்ளே வருபவரின் முந்தைய உத்தியோக வரலாறு அவர் பெயருக்குக் கீழேயே இருக்கும். இது தெரியாமல் ஒரு மாதம் அவருடைய நாட்குறிப்பில் மண்டையை உடைத்துக்கொண்டேன். 'மெய்கெத்சுகி' என்ற அந்த நாட்குறிப்பு முழுக்கச் சீன எழுத்து. அகராதியோடு உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு மூன்று வரி நகரும்.

சரி, பட்டியல் கிடைத்ததும் கதை கிடைத்துவிட்டது. 1185இல் அரண்மனையில் தன்னைக் கேலி செய்த இன்னொரு பிரபுவைக் கையிலிருந்த விளக்காலேயே அடித்துவிட்டு வெளியேற்றப்படுகிறார். மகனை மேகத்தில் வழி தவறிய நாரையாக வைத்து அப்பா ஒரு பாட்டெழுதிக் கெஞ்ச, மறு ஆண்டு திரும்ப உள்ளே விடுகிறார்கள். 1189இல் காவற்படையில் இளநிலைத் தளபதி. அடுத்த பதவி உயர்வு 1202இல்! நடுவில் பதிமூன்று வருஷம். நாட்குறிப்பிலும் பதவி உயர்வு கிடைக்காத புலம்பல் நிறைய. 'ஷின்கொகின்ஷு' என்ற அரசவைக் கவிதைத் தொகுப்பைத் தொகுத்தவர்களில் ஒருவரான மகாகவியைப் படிக்கப் போன எனக்கு, பக்கத்து மேஜைக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

மூன்றாம் படிநிலை 1211இல்தான், அவர்கள் கணக்கில் ஐம்பது வயதில். 1214இல் ஆலோசகர். 1220இல் ஒரு பாட்டால் பதவி துறந்த பேரரசர் கோ-தோபாவின் கோபத்துக்கு ஆளாகி ஒதுக்கப்படுகிறார். மறு ஆண்டே கோ-தோபா போரில் தோற்று ஓகி தீவுக்குப் போய்விட, இவருக்குக் காலம் திரும்புகிறது. 1232இல், எழுபத்தோரு வயதில், 'கொன்ச்சூனகொன்', அதாவது கூடுதல் நடுநிலை ஆலோசகர். அதே ஆண்டுக் கடைசியில் அதையும் விட்டுவிடுகிறார். அடுத்த ஆண்டு மொட்டையடித்துத் துறவறம்.

ஒரு வருஷம்கூட வகிக்காத பதவிதான் சீட்டில் பெயருக்கு முன்னால் அச்சாகியிருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஆசிரியை சீட்டை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அந்தச் சீட்டின் பாட்டு, வராத ஒருவருக்காகக் காத்திருக்கும் பெண்ணின் குரலில் இருக்கும். அவாஜி தீவின் மாத்சுஹோ கரையில் மாலையில் உப்புக்காக எரிக்கும் கடற்பாசியைப் போல வெந்துகொண்டிருப்பாள். அன்று விளையாட்டில் முதல் அசை கேட்டதுமே கை நீட்டினேன். எதிரே இருந்த பாட்டி எனக்கு முன்னால் தட்டிக்கொண்டு போய்விட்டார்.